கேள்வி கேட்க இடமுள்ள வண்டி

ஐஸ்லாந்து போய்வந்தேன் என்றதும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, துருவ ஒளியைப் பார்த்தாயா என்பது. அடுத்தது, கார் எடுத்தாயா, டூர் வண்டியில் போனாயா என்பது. முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரே சொல்: மேகம். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் பார்த்துத் திரும்பக்கூடிய மூன்று இடங்களை ஒரு வளையமாகக் கோத்து, 'கோல்டன் சர்க்கிள்' என்ற பெயரில் விற்கிறார்கள். திங்வெல்லிர் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபோஸ் அருவி. எந்தச் சாலையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து 230 கிலோமீட்டரோ அதற்குச் சற்று மேலோ வரும். ஐஸ்லாந்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வளையத்தைச் சுற்றாமல் ஊர் திரும்புவதில்லை. மூன்று இடத்திலும் ஆளுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் கிடையாது. சாலையும் தெளிவானது. கைபேசி வழி சொல்லிவிடும். அப்படியானால் வழிகாட்டி ஒருவருக்குக் காசு கொடுப்பது எதற்கு?

இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. வேறொரு நாட்டில் ஐம்பது பேர் அமரும் பேருந்தில் போய், கொடி பிடித்தவர் பின்னால் ஓடி, இருபது நிமிடத்தில் ஒரு மலையைப் 'பார்த்து' முடித்த அனுபவத்துக்குப் பிறகு குழுப் பயணம் என்றாலே எனக்கு ஒவ்வாமை. ஆனால் நாங்கள் போனது மார்ச் மாதம். சாலையில் கண்ணாடி போல் படிந்திருக்கும் பனிக்கட்டியில் நான் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை. வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால், காற்றில் கதவு பிய்ந்தால் காப்பீடு கிடையாது என்று ஒரு வரி. கதவு பிய்யும் அளவுக்குக் காற்றா என்று சிரித்தேன். பிறகு அந்தக் காற்றைப் பார்த்தேன். பதினாறு இருக்கைகள் கொண்ட சிறு வண்டியில் இடம் பதிவு செய்தேன்.

ரெய்க்யாவிக்கின் நடுப்பகுதித் தெருக்களுக்குள் சுற்றுலா வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு இருப்பதால், எண் போட்ட நிறுத்தங்களில் போய் நிற்க வேண்டும். வாயில் புகை வர நின்றுகொண்டிருந்தோம். வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. ஓட்டுநரும் அவரே, வழிகாட்டியும் அவரே. சிறு வண்டிகளில் இதுதான் வழக்கம். காதோரம் ஒரு மைக். எல்லோரும் ஏறியதும் முதலில் சொன்னது இடங்களைப் பற்றியல்ல, கதவைப் பற்றி: "நான் வந்து திறக்கும்வரை யாரும் கதவைத் தொடாதீர்கள். நீங்கள் திறந்தால் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடும்." வாடகைக் கார் ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரி எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் கட்டணத்தில் பாதிக்குப் பதில். சாலைத் துறையின் இணையதளத்தைக் கைபேசியில் பார்த்தார். வடக்கே மோஸ்ஃபெல்ஸ்ஹெய்தி மேட்டில் காலையில் காற்று அதிகம், பிற்பகலில் தணியும் என்றார். வழக்கமாக எல்லாப் பேருந்துகளும் ஒன்பது மணிக்குக் கிளம்பி முதலில் திங்வெல்லிர் போகும். நாம் வளையத்தைத் திருப்பிப் போட்டுச் சுற்றுவோம், திங்வெல்லிர் கடைசி என்று அறிவித்துவிட்டு வண்டியை எடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஐம்பது பேர் பேருந்தில், உணவகத்தில் ஐம்பது தட்டு முன்பதிவு செய்துவிட்டு இப்படித் திருப்ப முடியாது.

தெற்குச் சாலையில் ஏறினால் ஹெல்லிஸ்ஹெய்தி மின்நிலையத்தின் நீராவி சாலையோரம் தெரிகிறது. நிலத்தடி வெப்பத்தில் மின்சாரம், கூடவே ரெய்க்யாவிக் வீடுகளுக்கு வெந்நீர். இந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் இந்த வெப்பத்தில்தான் குளிர்காய்கின்றன. விடுதிக் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் வரும் அழுகிய முட்டை நாற்றத்தின் மூலமும் இதுதான். அந்த நிலையத்தில் கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். எரிமலைப் பாறையோடு வினைபுரிந்து அது இரண்டே ஆண்டுக்குள் கல்லாகிவிடுகிறது. பின்னிருக்கை ஜெர்மானியர் ஒருவர் இதைப் பற்றி மடக்கி மடக்கிக் கேட்க, அவர் ஓட்டிக்கொண்டே பதில் சொன்னார். இரண்டு கேள்விக்கு மட்டும், "அது எனக்குத் தெரியாது, இரவு மின்னஞ்சல் அனுப்புகிறேன்" என்றார். இந்தப் பெண்மணியை நம்பலாம் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

முதல் நிறுத்தம் கெரித் என்ற எரிமலை வாய். தனியார் நிலம் என்பதால் இங்கே மட்டும் கட்டணம். 55 மீட்டர் ஆழச் சிவப்புக் கிண்ணம், அடியில் உறைந்த ஏரி, விளிம்பைச் சுற்றி ஒரு நடை. வெடித்துச் சிதறி உண்டான பள்ளம் என்று நெடுநாள் நினைத்திருந்தார்களாம். அடியிலிருந்த தீக்குழம்பு வடிந்து வெறுமையானதும் கூம்பு உள்ளே சரிந்ததுதான் நடந்திருக்க வேண்டும் என்பது இப்போதைய கருத்து. பார்த்தோம், படம் எடுத்தோம், கிளம்பினோம். வழியில் ஒரு பண்ணையோரம் குதிரைகள். ஐஸ்லாந்துக் குதிரை ஒருமுறை நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப அனுமதி இல்லை. நோய்க்குப் பயந்து போட்ட சட்டம். உலகப் போட்டியில் கலந்துகொள்ளப் போகும் குதிரையும் வெளிநாட்டிலேயே விற்கப்பட்டுவிடுகிறது. நெற்றி மயிர் கண்ணை மறைக்க நின்றிருந்த அவற்றுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் இந்தக் காற்றிலிருந்து தப்பிக்கப் போகத்தான் செய்யும்.

மதிய உணவு ஃப்ரித்ஹெய்மர் தக்காளிப் பண்ணையில். வெளியே பனி, உள்ளே கண்ணாடிக் கூரையின் கீழ் மஞ்சள் விளக்கில் ஆளுயரத் தக்காளிக் கொடிகள். வெப்பம் நிலத்தடி நீரிலிருந்து. மகரந்தம் சேர்க்க நெதர்லாந்திலிருந்து வரவழைத்த பெருந்தேனீக்கள் அட்டைப் பெட்டிகளில் குடியிருக்கின்றன. ஒன்று என் கோப்பை விளிம்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போயிற்று. மேசைமேல் ஒரு தொட்டியில் துளசியின் உறவுக்காரச் செடி, பக்கத்தில் கத்தரிக்கோல். வேண்டிய இலையை நாமே வெட்டித் தக்காளிச் சூப்பில் போட்டுக்கொள்ளலாம். ரொட்டி எவ்வளவு வேண்டுமானாலும். விலை கேட்டால் ரசம் இறங்காது, ஆனால் சைவர்களுக்கு இந்த வளையத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தென்படவில்லை.

குல்ஃபோஸ் அருவியை ஒலியால் முதலில் தெரிந்துகொள்வோம் என்று எங்கோ படித்திருந்தேன். பொய். அந்தக் காற்றில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. நீர்த்துளி உறைந்து பாதையெங்கும் பனிப்பாளம். காலணிக்கடியில் மாட்டிக்கொள்ள ஆணிகள் பதித்த ரப்பர் வளையங்களை வழிகாட்டி ஒரு மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குளிர்காலத்தில் கீழ்ப்பாதையை மூடிவிடுகிறார்கள். மேலே நின்று பார்த்தால் ஹ்விட்டா ஆறு, லாங்யோகுல் பனிப்பாறையிலிருந்து வரும் சாம்பல் கலந்த நீர், முதலில் 11 மீட்டர் சரிந்து, திரும்பி, 21 மீட்டர் இறங்கி, ஒரு குறுகிய பிளவுக்குள் புகுந்து காணாமல் போகிறது. அது எங்கே போய் வெளிவருகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்க்காதவர் யாருமில்லை.

இந்த அருவிக்கு ஒரு கதை இருக்கிறது, எல்லா வழிகாட்டியும் சொல்வது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இங்கே நீர்மின் நிலையம் கட்ட அருவியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பக்கத்துப் பிராட்ஹோல்ட் பண்ணையின் மகள் சிக்ரிதுர் தோமஸ்தோத்திர் எதிர்த்து வழக்காடினார், வெறுங்காலோடு ரெய்க்யாவிக் வரை நடந்தார், மண்வெட்டி பட்டால் அருவியில் குதிப்பேன் என்றார், அருவி பிழைத்தது. அவருடைய உருவம் செதுக்கிய கல் அங்கே நிற்கிறது. (தோமஸ்தோத்திர் என்றால் தோமஸின் மகள். அங்கே குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. தந்தை பெயர்தான் பின்னால் ஒட்டும், யாரையும் முதல் பெயரால்தான் அழைப்பார்கள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்து இனிஷியலோடு திகைத்து நின்ற தமிழர் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. எனக்கும் வழிகாட்டிக்கும் அன்று நெருக்கம் வந்தது இந்தப் பேச்சில்தான்.)

கதையைச் சொல்லி முடித்துவிட்டு, வண்டியில் ஏறிய பிறகு, எங்கள் குழுவிலிருந்த ஓர் அமெரிக்கப் பையன் கேட்டான்: "அப்படியானால் அவர் வழக்கில் ஜெயித்தாரா?" வழிகாட்டி கண்ணாடியில் அவனைப் பார்த்து, "இல்லை" என்றார். வழக்குகள் சிக்ரிதுருக்குச் சாதகமாகப் போகவில்லை. பின்னாளில், 1929இல், குத்தகைப் பணம் கட்டப்படாததால் ஒப்பந்தம் காலாவதியானது. அருவியை நேரடியாகக் காப்பாற்றியது கட்டாத குத்தகைப் பணம். ஆனால் சிக்ரிதுர் அத்தனை ஆண்டு இழுத்தடிக்காமல் விட்டிருந்தால் அதற்குள் அணை வந்திருக்குமே என்றும் வழிகாட்டியே சேர்த்துக்கொண்டார். சிக்ரிதுருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஸ்வெய்ன் பியோர்ன்சன் 1944இல் குடியரசின் முதல் அதிபரானார். அருவிக்கு முதன்முதலில் பாதை போட்டு, வந்தவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியவர்கள் சிக்ரிதுரும் அவருடைய சகோதரிகளும். "என் தொழிலுக்கு மூத்தவர்கள்" என்றார் வழிகாட்டி.

அந்தப் பையன் கேட்டிராவிட்டால் இந்தப் பாதி எங்களுக்குக் கிடைத்திருக்காது. பெரிய பேருந்தில் நாற்பதாவது இருக்கையிலிருந்து யாரும் கேட்பதில்லை. சிறு வண்டியின் லாபம் இருக்கை வசதியில் இல்லை. பின் சக்கரத்துக்கு மேலிருந்த என் இருக்கை முதுகைப் பதம் பார்த்துவிட்டது.

அங்கிருந்து பத்து நிமிட ஓட்டம் கெய்சிர். உலகில் பீச்சியடிக்கும் எல்லா வெந்நீர் ஊற்றுகளுக்கும் 'கெய்சர்' என்ற பெயரைக் கொடுத்த மூல ஊற்று இப்போது பெரும்பாலும் தூங்குகிறது. பக்கத்திலிருக்கும் ஸ்ட்ரோக்கூர்தான் ஆறிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீச்சியடித்துக் கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. வழக்கமாக 15, 20 மீட்டர். நல்ல மனநிலையில் இருந்தால் 40 வரை. கயிற்றுக்கு அப்பால் எல்லோரும் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தார்கள், அந்தப் பக்கம்தான் சூரியன் முதுகில் விழும், படம் நன்றாக வரும். வழிகாட்டி எங்களை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். சற்று நேரத்தில் காரணம் தெரிந்தது: கொதிநீர்த் தூறல் முழுவதும் காற்றோடு போய் அந்தக் கூட்டத்தின்மேல் இறங்கியது.

முதல் பீச்சலைக் கைபேசி வழியாகப் பார்த்து ஏமாந்தவர்கள் நாங்கள் எல்லோரும். "இரண்டாவது தடவை நீரை மட்டும் பாருங்கள், மேலே பார்க்காதீர்கள்" என்றார். குழியிலுள்ள நீர் மூச்சுவிடுகிறது. ஏறுகிறது, இறங்குகிறது, விளிம்பில் கொஞ்சம் வழிகிறது, மறுபடி இறங்குகிறது. திடீரென்று நடுவில் ஒரு நீல மேடு எழும்புகிறது. வழவழப்பாக, உள்ளே வெளிச்சம் இருப்பதுபோல், கிழியாமல், ஒரு நொடிக்கும் குறைவாக நிற்கிறது. அதன் உள்ளே நீராவிக் குமிழி ஏறிவருவது கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு மேடு கிழிந்து வெள்ளையாகிவிடுகிறது. அந்த வெள்ளைதான் எல்லாப் படங்களிலும் இருப்பது. முடிந்ததும், சிதறிய நீர் நாலா பக்கத்திலிருந்தும் குழிக்குள் சுழன்று ஓடுகிறது, குழியின் தொண்டை ஒரு கணம் வெறுமையாகத் தெரிகிறது.

குக்கரில் நடப்பதுதான் கீழேயும் நடக்கிறது. மேலிருக்கும் நீரின் எடை அழுத்துவதால் ஆழத்திலுள்ள நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. எங்கோ ஒரு குமிழி கிளம்பி மேல்நீரைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் அழுத்தம் குறைகிறது. குறைந்த நொடியில் கீழே இருப்பதெல்லாம் ஆவியாகிறது. ஒரு காலத்தில் பெரிய கெய்சிர் விருந்தாளி முன்னால் பீச்ச மறுத்தபோது, உள்ளே சோப்பைக் கொட்டிக் கிளப்பியிருக்கிறார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். ஸ்ட்ரோக்கூர்கூட முழுக்க இயற்கையின் கொடை இல்லை: நிலநடுக்கம் அதன் குழாயை அடைத்துவிட, 1963இல் உள்ளூர்க்காரர்கள் அடியில் துளைபோட்டு அடைப்பை நீக்கினார்கள். இதுவும் கேட்டதால் கிடைத்த தகவல். 'இது எப்போதிருந்து இப்படி ஓயாமல் அடிக்கிறது' என்று என் மனைவி கேட்டார், அவ்வளவுதான்.

இந்த நிலம் 1894இல் ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞரிடம் விற்கப்பட்டது. சாராய ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை, பின்னாளில் வட அயர்லாந்தின் முதல் பிரதமர். வேலி போட்டுக் காசு வசூலித்தார். 1935இல் சிகுர்துர் யோனாசன் என்பவர் அதை வாங்கி நாட்டு மக்களுக்கே கொடுத்துவிட்டார். கட்டணம் இல்லாமல் நாங்கள் நின்றது அந்த மனிதரின் தயவில். ஆனால் பக்கத்து நினைவுப்பொருள் கடையில் ஒரு கம்பளிச் சட்டையின் விலையைப் பார்த்தபோது, கிரெய்க் கொஞ்சம் நியாயமானவர் என்று தோன்றியது. அந்தக் கடையில்தான் எங்கள் குழுவின் ஒரே தகராறும். ஒரு தம்பதி குறித்த நேரத்துக்குப் பின்னும் வரவில்லை. சிறு குழுவில் யார் தாமதம் என்று எல்லோருக்கும் முகம் தெரியும். அவர்கள் ஏறியபோது வண்டியில் நிலவிய மௌனத்துக்குப் பெரிய பேருந்தில் வாய்ப்பே இல்லை. வழிகாட்டி அவர்களைக் கடியவில்லை. "திங்வெல்லிரில் பத்து நிமிடம் குறையும்" என்று மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அதன்பிறகு அந்தத் தம்பதிதான் எப்போதும் முதலில் வண்டியில்.

திங்வெல்லிருக்குப் போனபோது பேருந்துகளெல்லாம் காலையிலேயே வந்து போயிருந்தன. காற்றும் அவர் சொன்னதுபோல் அடங்கியிருந்தது. இரு கருங்கல் சுவர்களுக்கிடையே அல்மன்னாகியா பிளவுக்குள் இறங்கினோம். பூமியின் மேலோட்டிலுள்ள அமெரிக்கத் தட்டும் ஐரோப்பியத் தட்டும் விலகும் இடம் என்று நினைத்து, 'ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் ஐரோப்பா' எனக் கையை விரித்துப் படம் எடுக்கும் இடம் இதுதான். நானும் விரித்தேன். எடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வழிகாட்டி சொன்னார்: உங்கள் இரண்டு கையும் அமெரிக்கப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்தச் சுவர் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பு. கிழக்கு விளிம்பு பல கிலோமீட்டர் தள்ளி, அதோ அந்தக் கறுப்புக் கோடு. நடுவிலிருக்கும் தரை அத்தனையும் விரிந்து விரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினாலும் உடனே ஐரோப்பா இல்லை. இன்னும் கிழக்கே இன்னொரு எரிமலைப் பட்டையும் விலகிக்கொண்டிருக்கிறது, இரண்டுக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் யாரோடும் சேராமல் நிற்கிறது. ஐஸ்லாந்தின் இரு பாதிகளும் ஆண்டுக்குச் சராசரியாக 2 செ.மீ. விலகுகின்றன என்கிறார்களே, அந்த விலகல் இந்தப் பட்டைகளுக்குள் பங்கு பிரிந்துபோகிறது. அதுவும் தினசரிச் சம்பளம்போல் சீராக வருவதில்லை. 1789இல் ஒரு நிலநடுக்கத் தொடரில் ஏரியோரத் தரை ஒரே மூச்சில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது. 2011இல் நாங்கள் நடந்த அதே பாதையின் அடியில் திடீரென்று ஆழக்குழி ஒன்று திறந்தது. இப்போது அதன்மேல் மரப்பாலம். காலடியில் பலகை மாறி ஒலிப்பதை வைத்து எங்கே குழி தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் எடுத்த படத்தை அழிக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

930இல் இங்கேதான் அல்திங்கி என்ற பொது மன்றம் கூடத் தொடங்கியது. அரசன் இல்லாத நாட்டில், கோடைதோறும் மக்கள் குதிரையேறி வந்து கூடாரம் போட்டு, வழக்காடி, கல்யாணம் பேசி, கள் குடித்துப் போனார்கள். சட்டம் எழுத்தில் இல்லை. அதை மனப்பாடமாக வைத்திருந்து சொல்வதற்கென்று ஒருவர். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று ஆண்டில் முழுச் சட்டத்தையும் சட்டப் பாறையில் நின்று உரக்கச் சொல்லிமுடிக்க வேண்டும். 1117ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில்தான் எழுதவே தொடங்கினார்கள். கி.பி. 1000 வாக்கில் பழைய தெய்வங்களா, கிறிஸ்துவா என்று இரு தரப்பும் மோதும் நிலைக்கு வந்தபோது, அந்தப் பதவியிலிருந்த தோர்கெய்ர் (அவரே பழைய சமயத்தவர்) ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு எழுந்து தீர்ப்புச் சொன்னார்: எல்லோரும் ஞானஸ்நானம் பெறவேண்டும், ஆனால் மறைவாகப் பழைய படையல் போடலாம், குதிரைக்கறி தின்னலாம். உலகின் மிக நடைமுறை அறிவுள்ள மதமாற்றத் தீர்மானம் இதுவாகத்தான் இருக்கும்.

கொடிக்கம்பம் நட்டிருக்கும் மேடுதான் சட்டப் பாறை என்கிறார்கள். அறிஞர்கள் வேறொரு இடத்தையும் சொல்வதுண்டு என்றார் வழிகாட்டி. அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது: கம்பத்தைக் காட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தையும் காட்டி, நடுவில் நின்றுகொண்டார்.

கடைசியாக ஓக்ஸாரா ஆற்றின் மடு. பாலத்துக்குக் கீழே அமைதியான கறுப்பு நீர். 16ஆம் நூற்றாண்டில் வந்த கொடுஞ்சட்டத்தின்கீழ், முறைதவறிப் பிள்ளை பெற்றதற்காகவும் பெற்றதை மறைத்ததற்காகவும் தண்டிக்கப்பட்ட பெண்களை இங்கே மூழ்கடித்தார்கள். பதினெட்டுப் பேரின் மரணம் பதிவாகியிருக்கிறது. நாள் முழுவதும் ஓயாமல் பேசிய பெண்மணி இங்கே பலகையில் எழுதியிருப்பதைக் கையால் காட்டிவிட்டு, பாலத்தின் மறுமுனைக்குப் போய்த் தனியாக நின்றுகொண்டார். பேசத் தெரிந்த வழிகாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே பேசக்கூடாது என்று தெரிந்தவர் அரிது.

குறைகளும் இல்லாமலில்லை. அந்தத் தாமதத்தில் போன பத்து நிமிடத்தால் ஓக்ஸாரா அருவிவரை நடக்க முடியவில்லை. சில்ஃப்ரா பிளவில் முக்குளிப்பவர்களை, கண்ணாடிபோல் தெளிந்த அந்த 2, 3 டிகிரி நீரில் இறங்கும் பைத்தியக்காரர்களை, தூரத்திலிருந்துதான் பார்த்தேன். லாகர்வட்ன் ஏரிக்கரையில் சுடுமண்ணுக்குள் பானையைப் புதைத்து ஒரு நாள் முழுவதும் வேகவைக்கும் ரை (rye) தானிய ரொட்டி வண்டி ஜன்னலோடு போயிற்று. காரில் போயிருந்தால் இவை மூன்றுமே கிடைத்திருக்கும். ஒருவேளை நான் ஒரு பள்ளத்தில் கிடந்திருப்பேன், அது வேறு.

கோடையில் போகிறவர்கள், இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால், தாராளமாகக் கார் எடுத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் போகிறவர்கள் முன்பதிவுக்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: வண்டியில் எத்தனை இருக்கை, ஓட்டுபவரே பேசுவாரா அல்லது ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரலா. பதிவுசெய்த குரல் என்றால் காரே மேல். ஆணி டயர் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், கதவைப் பிடித்துக்கொண்டு திறங்கள்.